இருமும் சீல் குட்டிக்கு மயக்க ஊசி ஏன் போடுவதில்லை?

கேள்வி இதுதான்: நெதர்லாந்தில் வட கடல் கரையோரம் நடக்கப் போன இடத்தில் ஒரு இளம் சீல் (கடல்நாய்) மணலில் கிடந்ததாம். விடாத இருமல், வாயோரம் இரத்தம் கலந்த சளி. அங்கே இருந்த தன்னார்வலர் "நுரையீரல் புழுவாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கிட்டே போகாமல் போனில் பேசிக்கொண்டே நின்றாராம். எட்ட நின்று மயக்க ஊசியைச் சுட்டு, தூங்கியதும் புழு மருந்தைக் குத்தி, அங்கேயே விட்டுவிட்டால் வேலை முடிந்ததே, ஏன் இத்தனை தயக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், அந்த இரண்டு ஊசிகளில் ஒவ்வொன்றுமே தனியாகவே அந்தக் குட்டியைக் கொல்லக்கூடியது. மயக்க மருந்தைத் தாங்குவதற்கு எந்த நுரையீரலும் எந்த இரத்தமும் வேண்டுமோ, அவற்றைத்தான் புழு ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கிறது. ஆகவே இதை "முதலில் பிடிப்பது, பிறகு வைத்தியம்" என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடியாது. இனி விரிவாக.

முதலில் புழு. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஹார்பர் சீல் இனமாக இருக்கும். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றையும் தொட்டுக் கிடக்கும் வாடன் கடலில் இவை ஜூன், ஜூலையில் குட்டி போடும். மூன்று நான்கு வாரத்தில் தாய்ப்பால் நின்றுவிடும். அதன் பிறகு தாய் எதையும் சொல்லித் தருவதில்லை. குட்டி தானே இரை தேட வேண்டும். வேகமான மீனைத் துரத்தத் தெரியாத வயதில் அதற்கு எளிதாகக் கிடைப்பது அடிமணலில் கிடக்கும் தட்டை மீன்கள். நுரையீரல் புழுவின் இளம்பருவம் காத்திருப்பதும் அங்கேதான். மீனோடு வயிற்றுக்குள் போன லார்வா குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்கு ஏறிவிடும். அதனால்தான் இந்த நோயாளிகள் இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் வரை வரிசையாகக் கரைக்கு வருகிறார்கள். எல்லாம் ஒரு வயதுக்கு உட்பட்டவை. வளர்ந்த சீல்களிடம் இது அரிது; ஒரு முறை தப்பிப் பிழைத்த உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொண்டுவிடுகிறது.

புழுவில் இரண்டு வகை உண்டு. ஓட்டோஸ்ட்ராங்கிலஸ் என்பது பெரியது. இறந்த குட்டியின் மூச்சுக்கிளைகளை அறுத்துத் திறந்தால் வெள்ளை வெளேரென்று இடியாப்ப இழைகளைத் திணித்து வைத்தது போல இருக்கும், சுற்றிலும் நுரையும் சளியும். பாராஃபிலராய்டஸ் என்பது மிக மெல்லியது. அது இன்னும் உள்ளே, காற்றறைகளிலேயே போய்ச் சுருண்டு கொள்ளும். இரண்டும் ஒரே குட்டியில் சேர்ந்திருப்பது சாதாரணம். குஞ்சு லார்வாக்களைக் குட்டி இருமி மேலே கொண்டுவந்து விழுங்கும், அவை மலத்தோடு கடலுக்குப் போகும், சுற்று மறுபடி தொடங்கும். மலத்திலும் சளியிலும் லார்வா தெரிகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தே நோயை உறுதி செய்கிறார்கள்.

புழு மட்டும் இருந்தால்கூடச் சில குட்டிகள் சமாளித்துவிடும். ஆனால் அடைபட்ட மூச்சுக்கிளையில் பாக்டீரியா வந்து குடியேறி நிமோனியாவாக மாறும். மூச்சு வாங்குவதால் மூழ்க முடியாது, மூழ்க முடியாததால் மீன் இல்லை, மீன் இல்லாததால் கொழுப்பு கரையும். சீலுக்கு உணவிலிருந்தே பெரும்பாலான நீர் கிடைப்பதால் பட்டினி என்றால் நீரிழப்பும் கூடவே வரும். கரையில் கிடக்கும்போது நாம் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை. சிலவற்றுக்கு இருமி இருமி நுரையீரல் கிழிந்து காற்று தோலுக்கடியில் பரவியிருக்கும். கழுத்தைத் தொட்டால் நறநறவென்று இருக்கும்.

இப்போது "புழு மருந்தைக் குத்திவிட்டால் போதாதா" என்பதற்கு வருகிறேன். ஐவர்மெக்டின் புழுவைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. பிரச்சினை, கொன்ற பிறகு அந்தப் பிணங்கள் எங்கே போகும் என்பது. உயிரோடு இருக்கும் புழு உடம்பின் எதிர்ப்பை ஓரளவு அடக்கி வைத்திருக்கிறது. செத்ததும் அதன் புரதங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கசியும், நுரையீரல் வீங்கும், இழை இழையாகச் செத்தவை மூச்சுக்கிளையை அடைக்கும். அதனால் மறுவாழ்வு மையங்களில் பொதுவாக முதலில் திரவம், ஆன்டிபயாடிக், வீக்கம் குறைக்க டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு, சளி இளக்கும் மருந்து. குட்டி கொஞ்சம் நிமிர்ந்த பிறகுதான் ஐவர்மெக்டின். அவசரப்பட்டு வரிசையை மாற்றினால், புழு போன கையோடு குட்டியும் போய்விடும்.

இதன் கொடூரமான வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சாசலிட்டோவில் 1975இல் தொடங்கிய கடல் பாலூட்டி மருத்துவ மையம் ஒன்று இருக்கிறது, மரைன் மேமல் சென்டர். அங்கே வரும் வட யானைச் சீல் இளசுகளிடமும் இதே ஓட்டோஸ்ட்ராங்கிலஸ்தான். ஆனால் யானைச் சீலின் உடம்பு இந்தப் புழுவோடு ஒத்துப்போகப் பழகியதாகத் தெரியவில்லை. புழு முழு வளர்ச்சி அடைந்து முட்டையிடும் முன்பே, இதயத்தின் வலப்பக்கத்திலும் நுரையீரல் தமனிகளிலும் இருக்கும்போதே, உடம்பு கண்மூடித்தனமாகப் போரைத் தொடங்கிவிடுகிறது. தமனி வீங்குகிறது, உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன இரத்தக்கட்டிகள் உருவாகி, உறையவைக்கும் பொருள்கள் எல்லாம் அதிலேயே தீர்ந்துபோய், பிறகு எங்கே பார்த்தாலும் இரத்தக் கசிவு. ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காமல் வருவதுதான் பல நேரம் முதல் தடயம். மலத்தில் லார்வா இருக்காது, ஏனென்றால் புழு இன்னும் குஞ்சு பொரிக்கவில்லை. பரிசோதனை "ஒன்றுமில்லை" என்று சொல்லும், விலங்கு செத்துக்கொண்டிருக்கும். ஒரே புழு, இரண்டு சீல் இனம், முற்றிலும் வேறு நோய். "சீலுக்குப் புழு மருந்து" என்று பொதுவாகப் பேசுபவர்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

வேறு ஒட்டுண்ணிகளும் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. வயிற்றில் அனிசாகிஸ் குடும்பத்துப் புழுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும், புண் உண்டாக்கும். இருந்தும் பெரும்பாலான சீல்கள் அவற்றோடு வாழ்ந்துவிடுகின்றன. ஹார்பர் சீலுக்கு இதயப்புழு ஒன்று இருக்கிறது, அதைப் பரப்புவது பேன். ஆமாம், கடலில் வாழும் விலங்குக்குப் பேன். பூச்சிகள் கடலை வெல்லவே இல்லை என்று படித்திருப்போம். சீல் பேன் விதிவிலக்கு. படகோனியா கடற்கரை யானைச் சீல்களிடமிருந்து எடுத்த பேன்களை இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் வைத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை எதுவும் நடக்காதது போல எழுந்து நடந்தன. சரி, விஷயத்துக்கு வருவோம். நலிந்த குட்டியின் மேல் பேன் நிறைய ஏறும், இரத்தசோகை கூடும். இரத்தசோகை என்பதை மனதில் வையுங்கள், மயக்க மருந்து பேசும்போது தேவைப்படும்.

கொக்கிப்புழுவும் அதே கணக்குதான். இது ஃபர் சீல், கடல் சிங்கம் இவற்றின் குட்டிகளைத் தாக்கும். பெரிங் கடலில் இருக்கும் செயின்ட் பால் தீவில் வட ஃபர் சீல்களை ஆராய்ந்தவர்கள் 1960களில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள்: வளர்ந்த புழு குட்டியின் குடலில் மட்டுமே இருக்கிறது, தாயின் குடலில் இல்லை. தாயின் வயிற்றுக் கொழுப்புக்குள் லார்வாவாகத் தூங்கிக் கிடந்து, குட்டி பிறந்ததும் முதல் சீம்பாலோடு இறங்குகிறது. குட்டி உலகத்தில் குடிக்கும் முதல் வாயே தொற்று. புழு குடல் சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுக்கூட்டத்தின் எண்டர்பி தீவில் கடல் சிங்கக் குட்டிகளுக்கு ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்ததில், கொடுக்கப்பட்டவை நன்றாக வளர்ந்தன. அங்கே நான் கவனித்த விஷயம் வேறு: குட்டி சின்னது, கையால் பிடித்து மருந்து கொடுத்தார்கள். மயக்க மருந்துக்கு வேலையே இல்லை.

இப்போது மயக்கம். நாய்க்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுப் பழகிய ஒரு கால்நடை மருத்துவர் முதன்முதலில் சீல் முன்னால் உட்கார்ந்தால் அவரைக் குழப்பும் முதல் விஷயம் மூச்சு. சீலின் மூக்குத்துளைகள் இயல்பாக மூடியே இருக்கும். திறக்கத்தான் தசை வேலை செய்ய வேண்டும். நமக்குத் தலைகீழ். மயக்கத்தில் தசை தளர்ந்தால் மூக்கு மூடிக்கொள்ளும். அதோடு, ஒன்றும் செய்யாமல் கரையில் தூங்கும்போதுகூட அவை மூச்சை நிறுத்தி வைக்கும். வளர்ந்த யானைச் சீல் மணலில் தூங்கும்போது பத்து, இருபது நிமிடம் மூச்சு விடாமல் கிடக்கும். பிறகு சில நிமிடம் இழுத்து இழுத்து விட்டுவிட்டு மறுபடி நிறுத்திவிடும். அப்படியானால் மயங்கிக் கிடக்கும் சீல் ஐந்து நிமிடமாக மூச்சு விடவில்லை என்றால் அது வழக்கமான தூக்கமா, மருந்து மூளையின் மூச்சு மையத்தை அணைத்துவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு தெரிய வரும்போது நேரம் கடந்திருக்கும்.

அடுத்தது முங்கு அனிச்சை. நீருக்குள் தலை போனதும் சீலின் இதயத்துடிப்பு சரசரவென்று குறையும். கைகால், தோல், தசை, குடல் எல்லாவற்றுக்கும் போகும் இரத்தம் சுருக்கப்பட்டு மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் ஓடும். மிச்ச இரத்தம் வயிற்றில் ஈரலை ஒட்டிய பெரிய சிரைப் பைகளில் தேங்கும். பயம், பிடிபடுவது, மயக்க மருந்து இவையும் அதே அனிச்சையைத் தூண்டிவிடலாம். நீரில் உயிர் காக்கும் ஏற்பாடு மயக்க மருத்துவரின் கையில் வில்லங்கமாகிவிடுகிறது. தசையில் குத்திய மருந்து ஓட்டமில்லாமல் அங்கேயே நிற்கும். "ஏறவில்லையே" என்று இன்னொரு டோஸ் போடுவார்கள். இரத்த ஓட்டம் திரும்பியதும் இரண்டும் சேர்ந்து மூளைக்குப் போகும். இந்த இரண்டாவது டோஸுக்குக் கை போகாமல் இருப்பதற்குத்தான் அனுபவம் வேண்டும். இதயம் அளவுக்கு மீறித் தளர்ந்துவிடாமல் இருக்க முன்கூட்டியே அட்ரோபின் கொடுப்பவர்களும் உண்டு.

கொழுப்புப் படலமும் சும்மா இருக்காது. பல சென்டிமீட்டர் தடிமன். ஊசி குட்டையாக இருந்தால் மருந்து கொழுப்பில் இறங்கும். அங்கே இரத்தம் குறைவு, எப்போது உறிஞ்சப்படும் என்று சொல்லவே முடியாது, சீழ்க்கட்டியும் வரலாம். நலிந்த விலங்கிலோ கொழுப்பு கரைந்திருக்கும். அதே ஊசி வேறு எங்கோ போய் நிற்கும். எடையைக் கண்ணால் பார்த்து ஊகித்தே டோஸ் போட வேண்டும், கரையில் தராசு தயாராக இருக்காது. இதற்காகவே ஹார்பர் சீல், யானைச் சீல் போன்ற "உண்மையான சீல்" எனப்படும் இனங்களில் அனுபவமுள்ளவர்கள் இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவே நீள ஊசியை இறக்கி, தண்டுவடத்தின் மேல் ஓடும் பெரிய சிரையில் நேராகப் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே மக்குவாரி தீவில் தென் யானைச் சீல்களுக்கு டைலெட்டமின்–சோலாசெபாம் என்ற மயக்க மருந்துக் கலவையை இப்படிப் போட்டதில், தசையில் போடும் அளவில் ஏறத்தாழ பாதியே போதுமானதாக இருந்தது. நொடிகளில் வேலை செய்யும், சீக்கிரம் தெளியும். ஆனால் முதுகில் ஊசி இறக்க விலங்கு அசையாமல் இருக்க வேண்டும். தலையில் துணிப்பை மாட்டி, சிலர் மேலே உட்கார்ந்து அழுத்திப் பிடித்தால்தான் நடக்கும். எட்ட நின்று சுடுகிற வேலை அல்ல.

அதே கலவையை அண்டார்க்டிகாவின் வெட்டல் சீல்களுக்குப் போட்டபோது மூச்சு நின்று சில இறந்தன. பிறகு அந்த இனத்துக்குக் கீட்டமின்–மிடசோலம் பக்கம் போனார்கள். இங்கேயும் இனத்துக்கு இனம் வேறு. டைலெட்டமினுக்கு மாற்று மருந்து கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்; போட்டது போட்டதுதான், உடம்பு அதைக் கரைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எட்ட நின்று சுடுவது அறவே இல்லையா என்றால், இருக்கிறது. கழுத்தில் வலையோ பிளாஸ்டிக் வாரோ இறுகிய கடல் சிங்கங்களை அமெரிக்க, கனடிய மேற்குக் கரையில் அப்படித்தான் பிடிக்கிறார்கள். மெடிடோமிடின், மிடசோலம், பியூட்டர்பனால் மூன்றையும் கலந்த டார்ட். மூன்றுக்கும் முறிவு மருந்து உண்டு. நீருக்குள் ஓடினாலும் கொஞ்ச நேரம் தலையை மேலே வைத்து மூச்சு விட முடிகிற அளவு மயக்கம், பின்னாலேயே படகு. அவை கழுத்தில் காயம் இருந்தாலும் பெரும்பாலும் கொழுத்த, நுரையீரல் நல்லபடியாக உள்ள விலங்குகள். உங்கள் குட்டி அப்படி இல்லை. டார்ட் பட்டதும் சீல் செய்யும் முதல் காரியம் நீரை நோக்கிப் போவது. பாதி மயக்கத்தில் அலைக்குள் போன குட்டியை யாரும் திரும்பப் பார்க்கப் போவதில்லை.

இரண்டு பக்கமும் இப்போது சேர்கிறது. நல்ல சீல் மயக்கத்தில் மூச்சை நிறுத்தினால்கூடச் சில நிமிடம் தாங்கும், ஏனென்றால் அதன் இரத்தத்திலும் தசையிலும் ஆக்சிஜன் கையிருப்பு அதிகம். யானைச் சீலின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரத்தம்தான். புழுக் கண்ட குட்டியிடம் அந்தக் கையிருப்பு காலி. காற்றறை பாதி அடைப்பு, இரத்தசோகை வேறு, கொழுப்பு போனதால் குளிர் தாங்காது. மூச்சு நின்றால் குழாய் விட்டுக் காற்று செலுத்தலாமே என்றால், சீலின் தொண்டையில் மெல்லண்ணம் தடித்துத் தொங்கும், குரல்வளை வாய் ஆழத்தில் இருக்கும். பழகாத கைக்குக் குழாய் லேசில் போகாது. போனாலும் சளியும் புழுவும் அதை அடைக்கும். அழுத்திக் காற்றை ஊதினால், ஏற்கெனவே கிழிந்த நுரையீரலிலிருந்து அது நெஞ்சுக்கூட்டுக்குள் போகும். இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை: ஐவர்மெக்டின் மூளைக்குள் நுழைந்தால் காபா என்ற அடக்கும் சமிக்ஞையைக் கூட்டும், மிடசோலம், டயசிபாம் வேலை செய்வதும் அதே இடத்தில்தான். சாதாரணமாக மூளைக்கு முன்னால் இருக்கும் தடுப்பு ஐவர்மெக்டினை உள்ளே விடாது. ஆனால் இவ்வளவு நலிந்த உடம்பில் இரண்டையும் ஒரே மணி நேரத்தில் போட எனக்குத் துணிவில்லை.

அப்படியானால் எப்படித்தான் பிடிக்கிறார்கள்? மிக எளிது, பார்க்க அழகாக இருக்காது. இருவர் நீருக்கும் குட்டிக்கும் நடுவே போய் நின்று, பின்னாலிருந்து தலை மேல் தடித்த துண்டைப் போட்டு, ஒருவர் முட்டி போட்டுக் கழுத்தைப் பின்புறம் இறுக்கிப் பிடிப்பார். கூடைக்குள் தூக்கி வைத்துவிடுவார்கள். சில மாதக் குட்டிக்கு இது போதும். மூச்சு மோசமானால் உடனே விட்டுவிடலாம். மயக்க ஊசியில் அந்த வசதி இல்லை. ஹவாயில், மொத்தமே சுமார் 1,600 என்று கணக்கிடப்படும் மங்க் சீல் இனத்தில், இளசுகளுக்கு நாடாப்புழு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்விலும் விலங்கைக் கையால் அழுத்திப் பிடித்துத்தான் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெண் சீலும் கணக்கில் வரும் இனத்தில் அந்தத் தலையீடு எனக்குச் சரியாகப் படுகிறது.

வாடன் கடலில் அப்படி இல்லை, அங்கே சீல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நுரையீரல் புழு என்பது இயற்கையான கழிப்பு, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றத் தேவையில்லை என்ற வாதம் நெதர்லாந்தில் வலுவாகவே இருக்கிறது. 2018இல் ஒரு அறிவியல் ஆலோசனைக் குழு மறுவாழ்வைக் குறைக்கச் சொன்னது, 2020இல் சீல்களை எப்போது எடுத்துப் பராமரிப்பது என்பது பற்றிய சீல் ஒப்பந்தம் வந்தது. இப்போது பயிற்சி பெற்ற சீல் காவலர்கள் முதலில் கவனித்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். நீங்கள் பார்த்த தன்னார்வலர் போனில் பேசிக்கொண்டு நின்றது தயக்கம் அல்ல, அதுதான் நடைமுறை. எனக்கு அந்த வாதத்தில் பாதி உடன்பாடு. இரத்தம் துப்பிக்கொண்டு மக்கள் நடுவே கிடக்கும் ஒன்றை அப்படியே விடு என்று என்னால் சொல்ல முடியாது; ஆனால் லேசாக இருமும், உருண்டையாக இருக்கும் குட்டியைத் தூக்காமல் இருப்பதே அதற்கு நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது: முப்பது மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள், நாயைக் கட்டுங்கள், உள்ளூர் சீல் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். நீருக்குள் தள்ளாதீர்கள், ஏனென்றால் மூச்சு வாங்குவதால்தான் அது கரையேறியிருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். மீன் கொடுக்காதீர்கள். அப்புறம், கடித்துவிட்டால், சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். சீலின் வாயிலிருந்து வரும் மைக்கோபிளாஸ்மா கிருமி விரல் மூட்டைப் பிடித்தால் வீங்கி, மூட்டே விறைத்துப் போகும்; வட கடல், நார்வே பக்கத்து வேட்டைக்காரர்கள் இதனால் விரலையே இழந்திருக்கிறார்கள். இதற்குச் செல்சுவரே கிடையாது, அதனால் பெனிசிலின் வகை மருந்து கேட்காது, டெட்ராசைக்ளின் வகைதான் கேட்கும். ஆகவே மருத்துவரிடம் போனால் "விலங்கு கடித்தது" என்று பொதுவாகச் சொல்லாமல், சீல் கடித்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.